வலது கன்னம்

அத்தியாயம் 11

கல்யாணம் முடிந்து ஐந்து நாளாகியும் ஊர் வாய் ஓயவில்லை.

ரொட்டிக் கடையில், துறைமுகத்துக் காப்பிக் கடையில், சர்ச் வாசலில், எங்கே போனாலும் அதே பேச்சு. சனிக்கிழமை மாலை நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, புதுப்பெண் திஹானா மாமியாரின் கன்னத்தில் முத்தமிடக் குனிந்தாள். மாமியார் நெவென்கா இரண்டு கையாலும் அவளைத் தள்ளிவிட்டாள். மணப்பெண்ணின் தலைத்துணி கழன்று தரையில் விழுந்தது. வாத்தியக்காரர்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். நெவென்கா ஒரு வார்த்தை பேசாமல் மண்டபத்தை விட்டு வெளியேறினாள்.

"அக்காவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லை. வயசு அப்படி. பெருசா எடுத்துக்காதீங்க" என்று மேசை மேசையாகப் போய்ச் சமாதானம் சொன்னவர் அவளுடைய தம்பி ஷிமே. ஊருக்கே பல் டாக்டர். டாக்டர் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

நெவென்காவின் ஒரே மகன் மிஸ்லாவ் மறுநாள் போனில் சொன்னது இதுதான்: "என் பொண்டாட்டிகிட்ட நீ மன்னிப்புக் கேக்குற வரைக்கும் எனக்கு அம்மான்னு யாரும் இல்லை."

புதன்கிழமை அவன் வழக்கம்போலப் படகில் வேலைக்குப் போனான். எதிர்த்தீவில் ஆட்களை இறக்கும்போதே மலையிலிருந்து புரா என்கிற பேய்க்காற்று இறங்கிவிட்டது. அந்தக் காற்று அடித்தால் எங்கள் ஊரில் படகும் ஓடாது, கடற்கரைச் சாலையில் பஸ்ஸும் ஓடாது. மிஸ்லாவ் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திஹானா மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டாள். மாமியார் பரிசாகப் போட்ட தங்கக் காதணி அவள் கோட்டுப் பையில் இருந்தது. மேசைமேல் வைத்துவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அது பழைய கல்வீடு. கீழ்த்தளத்தில் ஷிமேயின் மருத்துவமனை. மாடியில் நெவென்கா. கணவன் போய் ஆறு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறாள். திஹானா சுவரைப் பிடித்துப் பிடித்து வெளிப்படியில் ஏறினாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கைப்பிடியைத் திருப்பியதும் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்தது.

நெவென்கா சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் துண்டுகளைத் திணித்து வைத்திருந்தாள். முன்னால் ஒரு கிண்ணத்தில் ஆறிப்போன சூப். மருமகளைப் பார்த்ததும் கையைத் தூக்கி வாசலைக் காட்டினாள்.

"கதவு" என்றாள், உதடு அசையாமல்.

திஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்ததும் வராததுமா கதவைக் காட்டுறீங்களா? பயப்படாதீங்க, உக்காந்து விருந்து சாப்பிட வரலை. உங்க சொத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"கதவு..."

"போறேன்! சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போறேன். ஏழு வருஷமா ரியேக்கா டவுன்ல ஆம்பளைங்களுக்கு முடி வெட்டிச் சம்பாதிச்சவதான் நான். அது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல்னா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே? உங்க வீட்டுல முத்தம் குடுத்தா தள்ளிவிடுவாங்கன்னு யாராவது எச்சரிச்சிருந்தா நான் கையை மட்டும் குலுக்கியிருப்பேனே! எங்க அப்பா..."

அவள் முடிக்கவில்லை. திறந்து கிடந்த கதவு வழியாகக் காற்று நடைவழியில் நுழைந்து சமையலறைக்குள் வந்தது. மேசை விரிப்பின் ஓரம் படபடத்தது.

நெவென்காவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. வலது கண் இறுக மூடிக்கொண்டது. வலது பக்க உதடு வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு கையும் முகத்தை நோக்கிப் போயின. ஆனால் தொடவில்லை. கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அப்படியே நின்று நடுங்கின. சத்தம் இல்லை. மூச்சுகூட இல்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

திஹானா ஓடிப்போய்க் கதவை உடம்பால் தள்ளிச் சாத்தினாள். திரும்பி வருவதற்குள் அந்த இழுப்பு நின்றிருந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது.

நெவென்கா வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் எச்சில் வழிந்திருந்தது. இடது கையால் கைக்குட்டையை எடுத்து ஒற்றியவள், மருமகள் பார்ப்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாக்காதே. இதை யாரும் பாக்கக் கூடாதுன்னுதான்..."

அப்போதுதான் திஹானா அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். ஐந்து நாளாக அந்த முகத்தை நினைத்து நினைத்துக் கொதித்தவள், ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை என்று இப்போது தோன்றியது. இடது பக்க முடி கழுவிச் சீவியிருந்தது. வலது பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு சிக்குப் பிடித்துக் கிடந்தது. இடது கன்னம் இந்தக் குளிருக்குப் பூசும் களிம்பில் மினுமினுத்தது. வலது கன்னம் காய்ந்து செதில் செதிலாக உரிந்திருந்தது.

அரை முகம்.

திஹானாவுக்கு வேறொரு அரை முகம் நினைவுக்கு வந்தது. ரியேக்காவில் அவள் கடைக்கு ஒரு கிழக் கப்பல்காரர் வருவார். ஒரு பக்கம் மழித்துக்கொள்வார். மறுபக்கம் கத்தி படக்கூடாது, துண்டுகூடப் படக்கூடாது என்பார். கடைப் பெண்கள் அவருக்கு 'அரை நிலா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவளே திஹானாதான். அவர் வாசலைத் தாண்டியதும் கண்ணாடி முன்னால் நின்று அவர் மாதிரியே முகத்தைக் கோணிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். ஒருநாள் அவர் ஏதோ மறந்துபோய்த் திரும்பி வந்து, அதைப் பார்த்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. "சிரிம்மா. பல்லுன்னுதான் நானும் மூணு வருஷம் நெனச்சேன். அது நரம்பு. ஈ வந்து உக்காந்தாக்கூடக் கத்தியை விட்டுத் திருகுற மாதிரி இருக்கும். இப்போ மாத்திரையில அடங்கிக் கெடக்கு" என்றார். பிறகு அந்தக் கடைக்கு அவர் வரவே இல்லை.

"அத்தை, பல்லு விளக்கினா வருதா?" என்று திஹானா மெல்லக் கேட்டாள்.

நெவென்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசினா? மென்னா? காத்து பட்டா?"

"எல்லாத்துக்கும்" என்றாள் நெவென்கா. பல்லைச் சேர்த்தபடியே, ஒவ்வொரு சொல்லாக வெளியே விட்டாள். "ஒண்ணரை வருஷமா. கரண்ட் அடிக்கிற மாதிரி. அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அதான் யாரும் நம்பலை."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஷிமேகிட்ட. பல்லு பிடுங்கினான். மறுபடி வந்துச்சு. மறுபடி பிடுங்கினான். மூணு பல்லு போயிடுச்சு. அதுக்கப்புறம், அக்கா இது உன் மனசுதான்னான்." அவள் நிறுத்தி, வலி வருகிறதா என்று காத்திருந்து, தொடர்ந்தாள். "என் நாத்தனாரைத் தீவுல இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவளும் ஆரம்பத்துல இப்படித்தான் தலைவலின்னா. திரும்பி வரவே இல்லை. நானும் வலி வலின்னு சொல்லி எதுக்கு வம்புன்னு வாயை மூடிக்கிட்டேன். முட்டி வலின்னு பொய் சொல்லி, படகுத் துறை டிக்கெட் ஜன்னல் வேலைக்கும் லீவு போட்டேன்."

"கல்யாணத்துல..."

"நீ குனிஞ்சப்போ தலைத்துணி ஓரம் இங்கே பட்டுடுச்சு." விரல் கன்னத்தைத் தொடாமல் காட்டியது. "கை தானா போச்சும்மா. அது வேணும்னு செஞ்சது இல்லை. ஆனா ஓடினேன் பாரு, அது வேணும்னு செஞ்சதுதான். கோணின முகத்தை நூறு பேர் பாத்துடுவாங்கன்னு, உன்னை அந்த நடுக்கூடத்துல தனியா விட்டுட்டு ஓடினேன். உன் தலைத்துணி கீழே கெடந்ததைப் பாத்துக்கிட்டேதான் போனேன். அதுக்கு எந்த நரம்பையும் காரணம் சொல்ல முடியாது."

இவ்வளவு நீளமாக அவள் பேசிப் பல மாதம் ஆகியிருக்கும். பேசி முடித்ததும் அது மறுபடி வந்தது. இந்தத் தடவை திஹானா பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நெரிந்தது. விடவில்லை.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வந்த இடத்தில் தான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கிழவரிடமும் அவள் கேட்கவே இல்லை.

"எந்திரிங்க அத்தை. கீழே போவோம்."

"அவன் வேலையா இருப்பான்."

"இருக்கட்டும். நாமளும் ஒரு வேலையாத்தானே போறோம்!"

உள்படி வழியாக இறங்கினால் மருத்துவமனையின் பின்னறைக்கே போய்விடலாம். காற்றுப் படாது. நெவென்கா சுவர்ப்பக்கம் வலது கன்னம் இருக்கும்படி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

ஷிமே கை கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளை அங்கி. இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, ராசியாயிட்டீங்க! நான்தான் சொன்னேனே, நாள் போகப் போகச் சரியாகும்னு."

"சரியாகலை மாமா" என்றாள் திஹானா. "அத்தைக்கு இருக்கிறது நரம்பு வலி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அச்சு அசலா இப்படித்தான் இருந்துச்சு. சாலை திறந்ததும் ரியேக்காவுல நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பைலைக் குடுங்க, எக்ஸ்ரே எல்லாம் கேப்பாங்க."

ஷிமே துண்டால் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"பைல் எதுக்கு? நான் புதுசா ஒரு கடிதம் எழுதித் தர்றேன்."

"எழுதுங்க. பைலையும் குடுங்க."

"அதுல ஒண்ணும் இல்லைம்மா."

"ஒண்ணும் இல்லாததைக் குடுக்கவா இவ்வளவு யோசனை?"

"நீ இந்த வீட்டுக்கு வந்து அஞ்சு நாள்தான் ஆகுது..."

"குடுடா" என்றாள் நெவென்கா.

அக்காவின் குரல் உயரவில்லை. உயர முடியாது. ஆனால் சின்ன வயதில், அம்மா இறந்த பிறகு, அவருக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய குரல் அது. ஷிமே அலமாரியைத் திறந்தார். மஞ்சள் அட்டைக் கோப்பை எடுத்து நீட்டியவர், அவர்களைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளிகள் சாயும் நாற்காலி அது.

திஹானா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மார்ச் மாதம் முதல் பல். மே மாதம் இரண்டாவது. அதற்குக் கீழே, மே மாதத் தேதியிலேயே, பென்சிலில் ஒரு வரி.

அவள் அதை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். பிறகு ஷிமேயைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றாள் நெவென்கா. "சத்தமா படி."

"'எடுத்த பற்கள் இரண்டிலும் குறையில்லை. முக்கிளை நரம்பு வலியாக இருக்கலாம். நரம்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.'" திஹானாவின் குரல் தழுதழுத்தது. "அடுத்த பக்கம்... ஜூலை. மூணாவது பல்லு."

இது நவம்பர்.

நெவென்கா நாக்கு நுனியால், மேல்வரிசையில் பல் இல்லாத இடத்தைத் தேடித் தொட்டாள். வலிக்கும் என்று தெரிந்தே தொட்டாள்.

"மே மாசமே உனக்குத் தெரியும்."

"தெரியும்னு சொல்ல முடியாதுக்கா. சந்தேகம்..."

"ஷிமே."

"தெரியும்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "ரெண்டு நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன், அதுவும் கூடப் பொறந்த அக்காவோட பல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீயே வந்து, இதையும் பிடுங்கிடுடா, தாங்கலைன்னு கெஞ்சின. நான் நெனச்சது தப்பா இருக்கட்டும், கடவுளே, பல்லாவே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே பிடுங்கினேன். அதுவும் நல்ல பல்லுதான். அதுக்கப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? நாள் ஆக ஆக இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

"அதனால எனக்கு மனசு சரியில்லைன்னு சொல்லிட்ட."

நெவென்கா தலைக்கு மேலே மாடியைக் காட்டினாள்.

"ராத்திரி மேலே நான் நடக்கிறது உனக்குக் கேக்குமா?"

ஷிமே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

"கேக்கும்."

திஹானா பைலை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு வாய் நிறையத் திட்டு வந்தது. நேற்றாக இருந்தால் கொட்டியிருப்பாள். ஆனால் கண்ணாடி முன்னால் முகத்தைக் கோணிக் காட்டியவள் இந்த மனிதரை எந்த வாயால் திட்டுவது?

"மொதல்ல டாக்டர் வெஸ்னாவுக்குப் போன் போடுங்க" என்றாள். "அழுறதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஊரின் பொது மருத்துவர் வெஸ்னா போனிலேயே பத்துக் கேள்வி கேட்டாள். ஷிமே நோயாளியின் தம்பியாக இல்லாமல் டாக்டராகப் பதில் சொன்னார். எத்தனை விநாடி, எந்தப் பக்கம், எதனால் தூண்டப்படுகிறது. ஒவ்வொரு பதிலும் ஏற்கெனவே அவர் தலைக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது போல வந்தது. அதைக் கேட்கக் கேட்க நெவென்கா கண்ணை மூடிக்கொண்டாள். மதியம் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகவும், இன்றே சிறிய அளவில் மாத்திரை தொடங்கலாம் என்றும், சில நாளில் குறையும் என்ற நம்பிக்கை உண்டு என்றும், சாலை திறந்ததும் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் வெஸ்னா சொன்னாள். கடைசியில் அவள் கேட்ட கேள்வி அந்த அமைதியில் மூவருக்குமே கேட்டது.

"இவ்வளவு தெளிவா இருக்கே ஷிமே, இத்தனை நாள் ஏன் அனுப்பலை?"

"வந்ததும் சொல்றேன்" என்று போனை வைத்தார் ஷிமே.

திஹானாவின் பையில் கைபேசி அதிர்ந்தது. மிஸ்லாவ். தீவிலிருந்து கூப்பிடுகிறான். அவள் அத்தையைப் பார்த்தாள். நெவென்கா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"போன்ல சொல்ற விஷயம் இல்லை. அவன் வந்ததும் மாமா சொல்லட்டும். நேருக்கு நேரா."

"சொல்றேன்க்கா. நானே படகுத் துறைக்குப் போய்..."

"அதுக்கு முன்னாடி இன்னொண்ணு." அவள் பேச்சை நிறுத்தி, ஒரு வெட்டு வந்து போகும்வரை மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். "கல்யாணத்துல மேசை மேசையா போய்ச் சொன்ன இல்லை? அதே மாதிரி."

ஷிமேவுக்குப் புரிந்தது. அவர் கண்கள் முன்னறைக் கதவுக்குப் போயின. அதற்கு அப்பால் நோயாளிகள் காத்திருந்தார்கள். காற்றைப் பற்றியும் படகைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"அக்கா, இங்கே இருக்கிறவங்க என் நோயாளிங்க. இதைக் கேட்டா நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

"நானும் உன் நோயாளிதான்டா."

அவர் எழுந்தார். அங்கியின் பொத்தானைக் கழற்றினார். என்னவோ நினைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தார்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் கல்யாணத்துக்கு வந்தவர்கள். டாக்டருக்குப் பின்னால் மாமியாரும் மருமகளும் சேர்ந்து நிற்பதைக் கண்டு பேச்சு நின்றது. வலை கட்டுகிற பெரியவர் ஒருவர் தொப்பியை எடுத்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் ஷிமே. செருமிக்கொண்டார். "சனிக்கிழமை எங்க அக்காவைப் பத்தி நான் சொன்னது பொய். அவளுக்கு மனசுல ஒண்ணும் இல்லை. முகத்து நரம்புல வலி. ஈவு இரக்கம் இல்லாத வலி. அது தெரியாம அவளோட ரெண்டு நல்ல பல்லைப் பிடுங்கினேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் மூணாவதைப் பிடுங்கினேன். அது வெளியே வரக் கூடாதுன்னு அவளைப் பைத்தியம்னு சொன்னேன். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணத்தன்னிக்கு நடந்த அவமானத்துக்கும் நான்தான் காரணம்."

சிலர் தரையைப் பார்த்தார்கள். ஐந்து நாளாக நெவென்காவை வைத்துச் சிரித்த வாய்கள் அங்கே இருந்தன. திஹானா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த முகமும் அவள் பார்வையைத் தாங்கி நிற்கவில்லை. அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. நெவென்காவின் இடது தோளை மட்டும் அணைத்துக்கொண்டாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ரொட்டிக் கடை யெலிட்சா எழுந்தாள். கம்பளி முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"டாக்டர்" என்றாள். "செப்டம்பர்ல என் கடைவாய்ப் பல்லு ஒண்ணை எடுத்தீங்க."

"ஆமாம்."

"வலி இன்னும் போகலை. அடுத்த பல்லையும் எடுத்துடலாம்னு நீங்க சொன்னீங்க. அதுக்குத்தான் இன்னிக்கு வந்து உக்காந்திருக்கேன்." அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "செப்டம்பர்ல எடுத்தது... அது கெட்ட பல்லுதானா?"

இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் யார் என்ன கேட்டாலும் ஷிமேயிடம் உடனே பதில் இருக்கும்.

"எனக்குத் தெரியலை" என்றார்.

யெலிட்சா கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு கைக்குட்டையை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். உள்ளே அந்தப் பல் இருந்தது.

"அன்னிக்கு நான்தான் கேட்டு வாங்கிட்டுப் போனேன்" என்று சொல்லி, அதை அவர் முன்னால் நீட்டினாள். "இப்போ பாத்துச் சொல்லுங்க. இவங்க எல்லார் முன்னாடியும்."